மடியில் விழுந்த அரிசி

உலை கொதிக்கத் தொடங்கிவிட்டது. தட்டைத் தூக்கிப் பார்த்தேன், மூடினேன், மறுபடி தூக்கினேன். அரிசியைப் போட்டுவிட வேண்டியதுதான், கைதான் போகமாட்டேன் என்கிறது. முறத்தில் கிடப்பது ஒரு வீட்டு அரிசியா, ஒரு கடை அரிசியா? மெலிந்த பொன்னி, பழுப்பேறிய ரேஷன் அரிசி, வெள்ளை வெளேரென்று பச்சரிசி, நடுநடுவே குண்டு குண்டாய் இட்லி அரிசி. சமயபுரத்தில் ஒரு டிபன் கடைக்காரர் மாவுக்கு எடுத்து வைத்திருந்ததிலிருந்து அப்படியே இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார், போட்டுவிட்டு என் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது நேர்த்திக்கடன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பொன்னி வேகிற நேரத்தில் இட்லி அரிசி வேகாது, இட்லி அரிசி வேகட்டும் என்று விட்டால் பச்சரிசி கரைந்து கூழாகிவிடும். குக்கரில் வைத்தால் எல்லாம் களி. அதனால்தான் பானையில் வடிக்கிறேன், பக்கத்திலேயே நின்று. நின்றால் கவனம் சோற்றில் இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை, வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைகிறது. குகன் வருகிற நேரம். குகநாதன், என் மகன், கரூர் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை என்று பேர், மாற்று ஆள் வரவில்லையென்றால் எல்லா நாளும் வேலை. ஞாயிற்றுக்கிழமை நான் மடியேந்தி வாங்கிவந்த அரிசி இது, அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மதியம் இன்றைக்குத்தான் வாய்த்தது. எங்கள் வழக்கத்தில் யாருக்காக மடிப்பிச்சை எடுத்தோமோ அவர்கள் வாயில் முதல் கவளம் போக வேண்டும், அதுவும் மனசோடு போக வேண்டும். முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளிவிட்டால் எடுத்தது எடுத்ததாகாது. ஞாயிற்றுக்கிழமை இது எனக்கு ஒரு கவலையாகவே தெரியவில்லை. தட்டில் போட்டு, நேரம் பார்த்து விஷயத்தைச் சொல்லி, அவன் ஏம்மா உனக்கு இந்த வேலை என்று செல்லமாகத் திட்ட, நான் சிரிக்க, முடிந்துபோயிருக்கும். நேற்று சாயங்காலத்துக்கு அப்புறம் அப்படி இல்லை. தினம் கரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் பண்ணி என்ன குழம்பு என்று கேட்கிறவன் நேற்று கேட்கவில்லை. காலையில் ஒரு மெசேஜ் மட்டும். மத்தியானம் வர்றேன். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை பார்த்தாலும் அதில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பேச்சென்றால் குரலில் தெரியும், எழுத்தில் எங்கே தேடுவது.

போட்டாயிற்று. தாயே சமயபுரத்தாளே என்று சொல்லிப் போட்டுவிட்டேன். தண்ணீர் ஒரு நிமிஷம் அடங்கிப்போய்ச் சும்மா கிடக்கிறது, நேற்று மாடி வீட்டு விஜயராணி போனைக் காட்டியபோது நான் கிடந்த மாதிரி. துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன், அவள் படியில் இறங்கி வந்து, அக்கா இது நீங்க இல்லதானே, இல்லைன்னு சொல்லிடுங்க என்று நீட்டினாள். கண்ணாடி போடாமல் முதலில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. அப்புறம் அந்த மஞ்சள் என் புடவை. அப்புறம் என் முகம். என் முகத்தை நான் அவ்வளவு பெரிதாகப் பார்த்ததே இல்லை, கல்யாண வீடியோவில்கூட ஓரமாகத்தான் வருவேன். பின்னால் ஒரு புல்லாங்குழல் அழுதுகொண்டிருந்தது. என் முகத்துக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள். கீழே சிவப்பாக எழுத்து: பெத்த பிள்ளைகள் தெருவில் விட்ட தாய், பேசக்கூடத் தெம்பில்லை. ஒரு பையனின் குரல், நல்ல குரல்தான், இந்தத் தாய்க்கு நிகழ்ந்த கொடுமையைக் கேட்டால் உங்கள் இதயம் உடைந்துவிடும் நண்பர்களே என்று சொல்லிக்கொண்டே போனது. எனக்கு என்ன கொடுமை நிகழ்ந்தது என்று நானும்தான் கேட்டேன், அவன் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லையே. கோயில் கோபுரம், தேர் நிற்கிற தேர்முட்டி, வாழைப்பூ வடை சுடுகிற கடை, நடுவில் நான், மறுபடி வடை. ஊர் ஊராகப் போய்ச் சாப்பாடும் கோயிலும் காட்டுகிறவனாம் அந்தப் பையன், லட்சக்கணக்கான பேர் பார்ப்பார்களாம். நீங்க பேமஸ் ஆயிட்டீங்க அக்கா என்று விஜயராணி சொல்லிவிட்டு, சொன்னது தப்பு என்று அவளுக்கே பட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல பெண். கை மட்டும் போனை நகர்த்திக்கொண்டே இருந்தது, கீழே எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே இருந்தாள், முதலில் சத்தமாக, அப்புறம் வாய்க்குள்.

கிளறிவிட வேண்டும். அடியில் ரேஷன் அரிசி உட்கார்ந்துவிடும். மடிப்பிச்சை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். உயிருக்கு ஆபத்து என்று வந்தால், அல்லது பிள்ளை வரம் கேட்டால், அம்மா தாயே என் அகம்பாவத்தை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு முந்தானையை ஏந்திப் பிச்சையெடுத்து உன் வாசலுக்கு வருகிறேன் என்று நேர்ந்துகொள்வது. விழுகிற காசு உண்டியலுக்கு, அரிசி வீட்டுக்கு. இருக்கிறவர்கள்தான் எடுப்பார்கள், கார் வைத்திருக்கிறவர்கள் வந்து எடுத்து நான் பார்த்திருக்கிறேன், வைரத்தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு. நானும் தோட்டைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன், செருப்பை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் விட்டேன். மஞ்சள் நனைத்த பழைய நூல் புடவை, இடுப்பில் வேப்பிலை. குகனுக்குத் தொண்டையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது மழைக்காலத்தில். ஆபரேஷன் அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பெஞ்சு சில்லென்று இருந்தது, எதிர்ச் சுவரில் கை கழுவுவது எப்படி என்று படம் போட்டிருந்தது, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேண்டினேன். சாமி படம் அங்கே இல்லை. டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார், உயிருக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன், குரல் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்று. கண்டக்டருக்குக் குரல் இல்லையென்றால் என்ன இருக்கிறது? தாயே, அவன் வாயைத் திறந்து அம்மா என்று கூப்பிடட்டும், நான் வாயைத் திறக்காமல் மடிப்பிச்சை எடுத்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் என்பதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன். கூடக் கொஞ்சம் கொடுத்தால் கூடக் கொஞ்சம் கேட்கலாம் என்று ஒரு ஆசை. அந்த ஆசைதான் இத்தனைக்கும் வழி பண்ணியது. வீட்டுக்கு வந்தபின் ரொம்ப நாள் அவன் பேசக்கூடாது, கஞ்சிதான், அதுவும் ஒவ்வொரு முழுங்குக்கும் கண்ணில் தண்ணீர் வரும். பஸ் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஊதுவான். ஒரு விசில் என்றால் வா, இரண்டு என்றால் போ. நான் சமையல்கட்டில் முணுமுணுவென்று சாமியிடம் பேசிக்கொண்டிருந்தால் இரண்டு விசில். புறப்படு, புறப்படு என்று. பிறகு ஒரு நாள் நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் அம்மா என்று கேட்டது, தகரத்தைத் தேய்த்த மாதிரி. நான் திரும்பவில்லை. இன்னொரு தடவை வரட்டும் என்று இருந்தேன். வந்தது.

பாதி வெந்திருக்கும். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன், பொன்னி நசுங்கியது, இன்னொன்று எடுத்தேன், கல். தொண்டையில் இது இறங்குமா என்று இப்போது புதிதாக ஒரு பயம். நன்றாகத்தான் சாப்பிடுகிறான், புரோட்டாகூடச் சாப்பிடுகிறானாம் எனக்குத் தெரியாமல், இருந்தாலும் கெட்டியாக எதையாவது முழுங்கும்போது கொஞ்சம் நின்றுதான் முழுங்குகிறான். அந்த வீடியோப் பையனையும் நான் அப்படித்தான் பார்த்தேன், தொண்டையைத்தான். ஒல்லியாக, முதுகில் மூட்டை மாதிரிப் பை, கையில் குச்சி, குச்சி நுனியில் கேமரா. குச்சியை நான் குடைக்கம்பி என்று நினைத்தேன். வெயிலில் வந்து என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். அம்மா சாப்பிட்டீங்களா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு கூட்டத்தில் என்னை அப்படிக் கேட்டது அவன் ஒருத்தன்தான், அதை நான் இல்லை என்று சொல்ல முடியாது, அதுதான் மனசில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்டபோது பொய்யாகக் கேட்டானா? அந்தக் கண் பொய்க் கண்ணாகத் தெரியவில்லை. நான் வாய் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன், ஆச்சு என்ற மாதிரியும் இருக்கும் இல்லை என்ற மாதிரியும் இருக்கும். பசங்க இருக்காங்களாம்மா என்றான். பசங்க என்றதும் எனக்கு அந்தத் தகரக் குரல் கேட்டது, புடலங்காய் வாசனையோடு கேட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அது நன்றியில் வந்த தண்ணீர். அதில் அது எழுதியா இருக்கும்? அவன் அதைப் பார்த்தான், கேமரா அதைப் பார்த்தது. எத்தனை பிள்ளைகள், எங்கே இருக்கிறார்கள், வீட்டைவிட்டு அனுப்பினார்களா என்று கேட்டுக்கொண்டே போனான், எனக்கோ நேர்த்தி, வாயைத் திறக்கக்கூடாது. கும்பிட்டேன். கும்பிட முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அரிசி சரிந்தது. அதையும் வீடியோவில் மெதுவாக ஓடவிட்டிருந்தான், அரிசி ஒவ்வொன்றாக விழுகிறது, புல்லாங்குழல். போகும்போது ஒரு நோட்டை மடியில் வைத்தான். நான் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேன். அதை மட்டும் வெட்டிவிட்டிருந்தான். டிபன் கடைக்காரர் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் காணோம். பக்கத்தில் பூக்காரியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே, தம்பி இது நேர்த்தி என்று. ஊர் ஊராகப் போகிறவன் ஒரு ஊரில் ஒரு ஆளைக் கேட்கக் கூடாதா? கேட்டால் கதை போய்விடும் என்று பயந்தானோ. இல்லை, நிஜமாகவே தெரியாதோ. இப்படியும் தோன்றுகிறது, அப்படியும் தோன்றுகிறது. நான் அவனுக்காகப் பரிந்து பேசுகிறேனா என்றுகூட இருக்கிறது. ஒரு வார்த்தை, எடுக்கட்டுமா அம்மா என்று கேட்டிருந்தால் கையை ஆட்டியிருப்பேன். முகம் என்னுடையதுதானே.

முகம் போகட்டும். என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்தால் நினைக்கட்டும், அன்றைக்கு நான் பிச்சைக்காரிதான், அப்படி ஆகத்தான் போனேன். என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது கீழே எழுதியிருந்தது. விஜயராணி வாய்க்குள் படித்தாலும் எனக்குக் கேட்டது, அப்புறம் அவளைக் கெஞ்சிக் கேட்டுச் சத்தமாகவும் படிக்க வைத்தேன், கேட்டிருக்கக் கூடாது. இந்த அம்மாவைத் தெருவில் விட்ட நாய்கள் விளங்காமல் போகும். இவன்களுக்குப் புற்று வந்து சாகணும். தொண்டையில் சோறு இறங்காமல் சாவான். அப்படி ஒருத்தர் எழுதியிருந்தார், தாயே, தொண்டையில் என்றே எழுதியிருந்தார், பக்கத்தில் கை கூப்புகிற படம் வேறு. எங்கேயோ உட்கார்ந்து, யாரென்று தெரியாமல், சரியாக அந்த இடத்தில் கை வைத்தாரே. எதற்காக நான் வெயிலில் நின்றேனோ அதைக் காட்டியே என் பிள்ளைக்குச் சாபம் வாங்கிக் கொடுத்துவிட்டான் அந்தப் பையன். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, அவள் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. நேர்த்தி ஒரு தட்டில், இத்தனை சாபம் ஒரு தட்டில் என்றால் எது தாழும்? படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். பேர் தெரியாத சாபம் எங்கே போகும்? பெற்றவளைத் தெருவில் விட்ட பிள்ளைகள் நாசமாகட்டும் என்கிறார்கள். என் பிள்ளைகள் விடவில்லையே. அப்போது அது என் வீட்டுக்கு வராது. வராமல் எங்கே போகும்? நிஜமாகவே விட்டவன் எவனாவது இருப்பான், அவனைத் தேடிப் போகுமோ. அவனும் ஒருத்தி பெற்றவன்தான், தெருவில் கிடந்தாலும் அவள் அவனுக்குத்தான் வேண்டிக்கொண்டிருப்பாள். சரி அங்கேயும் வேண்டாம். சொன்னவர்களிடமே திரும்புமோ. அவர்கள் பாவம், என் மேல் இரக்கப்பட்டல்லவா சொன்னார்கள். பொய் சொன்னவன் மேல் போகுமோ என்று வந்தபோது அந்த ஒல்லித் தொண்டை ஞாபகம் வந்தது, அங்கேயும் வேண்டாம் தாயே, நீயே வைத்துக்கொள், உனக்குத்தான் நெருப்பும் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தேன். சொன்னதும் கொஞ்சம் லேசானது. பிறகு மறுபடி முதலிலிருந்து.

இறக்கி வடிக்க வேண்டும். பானை வாயில் தட்டை வைத்துச் சாய்த்தேன், ஆவி முகத்தில் அடித்தது, கஞ்சி இன்றைக்குக் கெட்டியாக வருகிறது, பச்சரிசி கரைந்திருக்கிறது. மேகலா காலையிலேயே போன் பண்ணிவிட்டாள். என் மகள், கரூரில் கட்டிக்கொடுத்தது. அவள் மாமியார் பார்த்துவிட்டு, உங்க அம்மாவுக்கு என்ன குறைன்னு எங்ககிட்ட சொல்லலையே என்று கேட்டாராம், நிஜமான அக்கறையில் கேட்ட மாதிரியும் இல்லாத மாதிரியும். மேகலாவுக்கு என்மேல்தான் கோபம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன என்றாள். சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? அவள்கூட விடலாம், குகன் விடமாட்டான். அவனை அப்படி வளர்த்தது நான்தான். அவன் அப்பா போனபிறகு யார் எது நீட்டினாலும் வாங்கக்கூடாது, பக்கத்து வீட்டு முறுக்கைக்கூட வாங்கக்கூடாது, கை நீட்டினால் கையை ஒடிப்பேன் என்று சொல்லித்தான் இரண்டு பேரையும் வளர்த்தேன். அவன் முறுக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பான், சின்ன வயசில். அந்த அம்மா தெருவில் கை நீட்டிக்கொண்டு நிற்பதை ஊரே பார்த்தால், அவன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பார்த்தால், அந்த முகத்தை எங்கே வைப்பான்? நான் நேத்தே கீழே உண்மையை எழுதிப் போட்டுட்டேன், இனி அவன் பாடு என்று மேகலா சொன்னாள். யார் பாடு என்று கேட்டேன். அந்த வீடியோக்காரன் பாடு என்றாள். நான் குகன் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன், கேட்டின் கொக்கிச் சத்தம் கேட்டது. எப்போதும் தெருமுனையிலேயே ஒறையூர், ஒறையூர்லாம் எறங்கு என்று கத்திக்கொண்டு வருவான், விஜயராணியின் குழந்தைகள் அதைக் கேட்டு மாடியிலிருந்து சிரிக்கும். இன்றைக்குச் சத்தமில்லை. செருப்பைக் கழற்றுகிற சத்தம், ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பையை ஆணியில் மாட்டுகிற சத்தம். கொல்லைக்குப் போனான், தண்ணீர் விழுந்தது, ரொம்ப நேரம் விழுந்தது. நான் கற்பூரத்தட்டோடு நிற்கிறேன், கற்பூரம் அணைந்துபோனதுகூடத் தெரியாமல். மனசுக்குள் சொல்லவேண்டியதை வரிசையாக வைத்திருந்தேன், உனக்காகத்தான், வாய் பேசக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன், அந்தப் பையனுக்குத் தெரியாது, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரிந்துவிட்டது, மடியில் சரிந்த அரிசி மாதிரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டு வைக்கிற இடத்தில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். தகரக் குரல் இன்னும் முழுசாகப் போகவில்லை, போகாது என்றுதான் டாக்டரும் சொன்னார்.

"அந்த அரிசி எங்கம்மா?"

கற்பூரத்தட்டை அடுப்பு மேடையில் வைத்தேன். கோபமில்லை. இப்போது குரல் இருந்தது, குரலில் தேடிப் பார்த்தேன், கோபமில்லை, பசிதான் இருந்தது. எந்த அரிசி என்றேன், பைத்தியம் மாதிரி. ஞாயித்துக்கிழம வாங்கினியே அது என்றான். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன், யார் சொன்னது என்று. சொன்னான், தட்டைப் பார்த்துக்கொண்டே. நேற்று குளித்தலை தாண்டிக் கரூர் போகும்போது நடு சீட்டில் ஒரு அம்மாள் போனில் பார்த்துப் பக்கத்துச் சீட்டுக்காரிக்குக் காட்டி, இவன்களை எல்லாம் நிக்க வச்சுச் சுடணும் என்று திட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். டிக்கெட் கொடுக்கக் குனிந்தவன் பார்த்திருக்கிறான், மஞ்சள் புடவை, நான். என்ன பண்ணினாய் என்றேன். டிக்கெட்ட கிழிச்சுக் கொடுத்தேன், வேற என்ன பண்றது என்றான். நாலு சீட்டு பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்து, இது எங்கம்மாங்க என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் எழுந்தே விட்டாளாம், நீதானா அந்தப் படுபாவி, வெள்ளைச் சட்டை போட்டு விசில் ஊதுற, பெத்தவள அங்க விட்டுட்டு. பஸ் மொத்தமும் திரும்பிவிட்டது. டிரைவர் ரத்தினசாமி வண்டியை ஓரம் கட்டிவிட்டார். இவனுக்குக் குரல் எழும்பவில்லை, தொண்டையைக் காட்டுகிறான், கையைக் காட்டுகிறான், ஒன்றும் வரவில்லை. அப்போது முன் சீட்டிலிருந்த ஒரு பூ வியாபாரி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏ ஆத்தா, இடுப்புல வேப்பில இருக்கு பாரு, காது மொட்டையா இருக்கு பாரு, இது மடிப்பிச்சடி என்றாளாம். இவன் கழுத்தைப் பார்த்திருக்கிறாள், அந்தத் தழும்பை. இவனுக்குத்தான் எடுத்திருக்கா என்றாளாம். அப்போதுதான் அவனுக்கே தெரிந்திருக்கிறது. ரத்தினசாமி வண்டியை மறுபடி எடுத்திருக்கிறார். அப்புறம் திட்டின அம்மாள் எழுந்து வந்து, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இவன் தலையைத் தடவி, நான் சொன்னது எதுவும் உனக்கில்ல சாமி, நல்லாயிரு, நல்லாயிரு என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். இறங்குகிறவரை விடவில்லையாம். அது எடுத்தது மாயனூர் டிக்கெட்டும்மா, கரூர் வரைக்கும் வந்து நல்லாயிருன்னு சொல்லிட்டு இருக்குது என்றான். சிரித்தான். நான் திரும்பிக்கொண்டேன், குழம்புச் சட்டியை எடுக்கிற மாதிரி. சமயபுரத்தாளே, நீ எதையும் வைத்துக்கொள்ளவில்லை, ஒருத்தியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவள் கையாலேயே எடுக்க வைத்துவிட்டாயே. மற்றவர்கள் சொன்னதெல்லாம் இருக்கத்தான் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தி எடுத்துவிட்டாள். ஒன்றை எடுக்க முடிகிறது என்றால் எல்லாவற்றையும் எடுக்க முடியும்தானே.

குழம்பை ஊற்றினேன். அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது, கேட்டுவிட்டேன். ராத்திரி குகன் அந்த வீடியோவில் இருந்த நம்பரைத் தேடிப் போன் பண்ணியிருக்கிறான். அதான் உனக்குப் பண்ணல, திட்டணும்னு தொண்டைய சேத்து வச்சிருந்தேன் என்றான். எடுத்ததும் அந்தப் பக்கம் அண்ணே அண்ணே என்று நடுங்கியிருக்கிறது. மேகலா எழுதினதைப் பார்த்துவிட்டு அதே ஜனம் அப்படியே திரும்பி அவனைப் போட்டுத் திட்ட ஆரம்பித்துவிட்டதாம், அவனையும் அவன் அம்மாவையும் சேர்த்து.

"அவங்க அம்மாவ எதுக்குடா திட்டணும்?"

அதைத்தான் நானும் நெனச்சேன், திட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல என்றான். வீடியோவை உடனே எடுத்துவிட்டானாம், இவன் லைனில் இருக்கும்போதே. வேறு யாராவது எடுத்து வைத்திருப்பார்கள், அது சுற்றும், ஒண்ணும் பண்ண முடியாது என்றான். எடுத்துவிட்டு அந்தப் பையன் இன்னொன்று கேட்டிருக்கிறான். அண்ணே, நான் நேர்ல வந்து அம்மா கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேண்ணே, அத ஒரு வீடியோவா போட்டுக்கலாமா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். நீ என்ன சொன்னே என்றேன்.

"சாப்பிட வா, குச்சிய வீட்ல வச்சிட்டு வான்னேன். போன வச்சிட்டான்."

வருவானா என்று நினைத்தேன். வரமாட்டான். வந்தால் இந்தச் சோற்றில் அவன் வைத்த நோட்டுக்குப் பங்கில்லை, அது உண்டியலில் விழுந்துவிட்டது, அவனுக்காகத் தனியாகப் பொன்னி போட்டு நல்லதாகவே வடிக்கலாம். குகன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கூழாகப் போனதும் உதிரியாக நிற்பதுமாக என்னென்னவோ ஒட்டியும் ஒட்டாமலும் வந்தது. உனக்கு வெட்கமா இல்லையாடா, அம்மா கை நீட்டினதுல என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை, நேற்றிலிருந்து தொண்டையில் நின்றது அதுதான். கவளத்தை உருட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தான், அந்தப் பார்வையில் முறுக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிற பையன் இல்லை.

"நானும்தான் பொழுதுக்கும் கை நீட்டுறேன், டிக்கெட் டிக்கெட்னு. எங்கிட்ட போய்க் கேக்குற."

கவளம் வாய்க்குள் போனது. தாயே என்று நான் சொல்லக்கூட இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மென்றான். கடக்கென்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது, டிபன் கடைக்காரரின் இட்லி அரிசிதான், வேகாமல் ஒன்று. மெல்லுவதை நிறுத்தினான். கை தட்டின்மேல் அப்படியே நின்றது. துப்பிடுடா, துப்பினாலும் பரவாயில்ல என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாதிரியே வாயை மூடிக்கொண்டு நின்றேன். கண்ணைச் சுருக்கினான், தாடையை ஒரு பக்கமாக வைத்து மறுபடி மென்றான், நறநறவென்று மென்றான், கொஞ்சம் நின்றான். கழுத்தில் அந்தத் தழும்பு மேலே ஏறியது, ஏறிய இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு இறங்கியது. இறங்கியதை நான் பார்த்தேன். அடுத்த கவளத்தை உருட்ட ஆரம்பித்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான், ரசம் இருக்காம்மா என்று. ரசம் வைக்க மறந்தே போயிருந்தேன்.